இடப்பக்கம் ஒன்றரை அங்குலம்

கடிதம் திங்கட்கிழமைத் தபாலில் வந்தது. மூன்று பந்தி. முதலாவது பந்தியில் என் பெயரைப் பிழையாக எழுதியிருந்தார்கள். மற்ற இரண்டிலும் ஒரு பிழையும் இல்லை, அதுதான் வினை.

நான் ஹப்ஸா. கல்முனைக்குப் பக்கத்தில் ஒரு நீர்ப்பாசனக் கந்தோரில் ஒன்பது வருடமாக வேலை செய்கிறேன். எந்த வாய்க்காலுக்கு எந்த நாள் தண்ணீர் திறப்பது என்ற முறைப் பட்டியலைத் தயாரிப்பது என் வேலை. முன்பெல்லாம் அதைக் கையால் போட இரண்டு நாள் போகும். நான் எக்செல்லில் ஒரு மெக்ரோ எழுதினேன். மெக்ரோ என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை, கொம்பியூட்டருக்கு நாம் எழுதிக் கொடுக்கும் வேலைச் சீட்டு. ஒரு பொத்தானை அழுத்தினால் பதினொரு வாய்க்காலையும் நாள்வாரியாகப் பிரித்துத் தந்துவிடும். அன்றைக்கு எல்லாரும் "மாஷா அல்லாஹ்" என்றார்கள். எங்கள் பொறுப்பதிகாரி மீராமுகைதீன் சேர் பெரிய கந்தோரில் போய், தன் யோசனை என்று சொல்லிவிட்டும் வந்தார்.

இந்தச் சிறுபோகத்தில் ஏழாம் வாய்க்காலுக்கு ஒரு முறைத் தண்ணீர் போகவில்லை. நெற்பயிர் கதிர் கட்டிக் குடலை தள்ளுகிற நேரம். முந்நூறு ஏக்கரில் பாதி, மணி பிடிக்காத சப்பியாகப் போனது. விவசாயிகள் கூடிவந்து கேட்டபோது மீராமுகைதீன் சேர் கையைக் கட்டிக்கொண்டு, மிகவும் கவலையோடு சொன்னார்: "கொம்பியூட்டர் பிழை. மெக்ரோவில ஏதோ விடுபட்டிருக்கு. விசாரிக்கிறம்."

அந்தக் கூட்டத்தில் இருந்த சரீபா ராத்தா அடுத்த நாள் என் மேசைக்கே வந்தார். உம்மா வழியில் வந்த மூன்று ஏக்கர் அவருக்கு, ஏழாம் வாய்க்கால் வயல்வட்டையில். ஒரு பிடி கதிரைக் கொண்டுவந்து என் கீபோர்ட்டின் மேல் வைத்தார். நசுக்கிப் பார்த்தேன், உள்ளே ஒன்றும் இல்லை.

"உன்ட பெட்டி எங்கட வாய்க்கால மறந்திட்டாமே, புள்ள" என்றார். கோபப்பட்டுச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கும் வாய் இருந்தது, ஏதாவது சொல்லியிருப்பேன்.

பெட்டி மறக்கவில்லை. ஜூன் பதினான்காம் திகதி காலை ஒன்பது இருபதுக்கு மீராமுகைதீன் சேர் என் கதிரைக்குப் பின்னால் வந்து நின்று, "ஏழாம் வாய்க்கால இந்த முறை எடுத்திடுங்க, அவங்க பிந்தித்தானே விதைச்சிருக்காங்க" என்றார். நான் எடுத்தேன். ஏன் என்று கேட்டிருக்கலாம். எழுத்தில் தாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். எங்கள் கந்தோரில் யாரும் சேரிடம் எழுத்துக் கேட்டதில்லை. அவர் கழுவுகிற மீனில் நழுவுகிற மீன், தன் பதினாறு வருடச் சேவையில் ஒரு துண்டுக் கடதாசியில்கூடத் தன் உத்தரவை விட்டு வைத்தவரில்லை.

ஆனால் எனக்கு ஒரு பழக்கம். மெக்ரோவில் எதையாவது மாற்றினால் பக்கத்திலேயே ஒரு குறிப்பு எழுதி வைப்பேன். கொம்பியூட்டர் அதைக் கணக்கில் எடுக்காது, படிக்கிற மனிதருக்காக மட்டும் அது. அன்றும் எழுதினேன்: "சேர் சொன்னபடி 7ம் வாய்க்கால் இம்முறை நீக்கப்பட்டது. 14.06 காலை 9.20. ஹப்ஸா." அதற்குப் பிறகு அந்தக் கோப்பை நான் திறந்து சேமிக்கவே இல்லை. ஆகவே கடைசியாகச் சேமித்த திகதியும் அதுதான். இந்த ஒரு வரியைத் தவிர, நானாக அந்த வாய்க்காலை நீக்கவில்லை என்று சொல்ல எனக்கு உலகத்தில் வேறு சாட்சி இல்லை.

விசாரணைக்காக வந்த அந்தக் கடிதத்தின் இரண்டாம் பந்தி இப்படி இருந்தது: மெக்ரோவின் முழு எழுத்தையும் மூல மென்பொருளிலிருந்தே நேரடியாக அச்சிட்டு, வியாழன் பிற்பகல் மூன்று மணிக்குமுன் அனுப்ப வேண்டும். வேறு மென்பொருளுக்கு மாற்றி அச்சிட்டால் ஏற்கப்படாது. ஓர் எழுத்தையும் மாற்றக்கூடாது, கோப்பின் சேமித்த திகதி மாறியிருந்தால் ஆவணம் செல்லாது. மூன்றாம் பந்தி: ஒவ்வொரு பக்கத்திலும் பக்க எண் வேண்டும், கோப்பில் கோர்க்க இடப்பக்கம் ஒன்றரை அங்குலம் விட வேண்டும்.

இதை எழுதியவர் மெக்ரோ எழுதும் திரையை வாழ்நாளில் ஒரு தடவையும் பார்த்தவரில்லை. நான் அப்போது சிரித்தேன். பக்க எண்ணும் ஓரமும்தானே, ஐந்து நிமிட வேலை என்று.

செவ்வாய்க்கிழமை கோப்பைத் திறந்து, மெக்ரோத் திரைக்குப் போய், அச்சிடு என்ற இடத்தை அழுத்தினேன். ஒரு சின்னப் பெட்டி வந்தது. தெரிவு செய்த வரிகளை மட்டுமா, முழுவதையுமா என்று கேட்டது. அவ்வளவுதான். ஓரம் எங்கே? இல்லை. பக்க எண் எங்கே? இல்லை. அச்சிடுமுன் எப்படி வரும் என்று காட்டுகிற இடமாவது? அதுவும் இல்லை. எக்செல்லின் அட்டவணைப் பக்கத்தில் தாளின் நான்கு ஓரத்தையும் நூலளவாக மாற்றலாம், தலைப்பு வைக்கலாம், அடியில் எண் வைக்கலாம். அதே மென்பொருளின் உள்ளறைக்குள் போனால் ஒன்றும் கிடையாது. வீட்டின் முன்கூடத்துக்கு மாபிள் பதித்துவிட்டுக் குசினியை மண்ணாகவே விட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவர்தான் இதையும் செய்திருக்க வேண்டும்.

அமைப்பு என்றொரு பொத்தான் இருந்தது. ஆசையோடு அழுத்தினேன். பிறிண்டரின் சொந்தப் பெட்டி திறந்தது: தாள் என்ன அளவு, நெடுக்காகவா கிடையாகவா. கிடையாக அடித்தால் இடது பக்கம் கொஞ்சம் மாறுமோ என்று அடித்துப் பார்த்தேன். மாறவில்லை. எழுத்து தாளின் விளிம்போடு ஒட்டிக்கொண்டே வந்தது.

எல்லா வரிகளுக்கும் முன்னால் பத்து இடைவெளி தட்டினால் ஓரம் தானாக வரும். அதைச் செய்ய எனக்கு ஒரு நிமிடமும் போகாது. ஆனால் ஓர் எழுத்தையும் மாற்றக்கூடாதே. இடைவெளி எழுத்தா இல்லையா என்று கேட்க, விசாரணை அதிகாரிக்குத் தொலைபேசி எடுத்தேன். கனகரெத்தினம் என்று பெயர், ஓய்வு பெற்றவர், இந்த விசாரணைக்காக நியமிக்கப்பட்டவர். பொறுமையாகக் கேட்டார்.

"இடைவெளியும் மாற்றம்தான் மிஸ்" என்றார். "பிறகு நான் எதை மாத்தினது, எதை மாத்தேல்ல எண்டு எப்பிடிச் சொல்றது?"

"திரையைப் படம் எடுத்துத் தரட்டுமா, சேர்?"

"படம் எடுபடாது. கடிதத்தில உள்ளபடி தாங்க."

"அந்த மென்பொருளில ஓரம் வைக்க இடமே இல்ல, சேர்."

"அச்சடிக்கிற எதிலயும் ஓரம் இருக்குமே, மிஸ்" என்றார். நான் சாட்டுச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார் போலும். கடைசியில் இரக்கப்பட்டு, பக்க எண்ணை மட்டும் கையால் எழுதலாம், ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் பொறுப்பதிகாரியின் சுருக்கொப்பம் இருக்க வேண்டும் என்றார். பொறுப்பதிகாரி என்றால் மீராமுகைதீன் சேர். வேலிக்கு ஓணான் சாட்சி.

ஓரம் ஒரு பக்கம் இருக்க, புதன்கிழமை இன்னொரு கண்ணராவி. அந்தத் திரைக்கு நம்முடைய யுனிகோட் தமிழ் தெரியாது. எழுதினால் எல்லாம் கேள்விக்குறியாகிவிடும். அதனால்தான் அன்று குறிப்பைப் பாமினியில் தட்டியிருந்தேன். பாமினி எங்கள் கந்தோர்களின் பழைய எழுத்துரு. அந்த எழுத்துருவில் பார்த்தால் தமிழ், வேறு எழுத்துருவில் பார்த்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை. அச்சடித்த தாளில் என் ஒரே சாட்சி nrhd;dgb என்று கிடந்தது. ஊமை கண்ட கனவு என்பார்களே, அதுதான்.

எழுத்துருவை மாற்ற மட்டும் அந்தத் திரையில் ஓர் இடம் இருந்தது. அதற்கு நான் அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னேன். கோப்பில் எதுவும் மாறாது, பார்க்கிற கண்ணாடி மட்டும் மாறும். பாமினி என்று கொடுத்தேன். என் குறிப்பு பளிச்சென்று தமிழாக வந்தது. மற்ற எல்லாம் போனது. ஒவ்வொரு பகுதியும் முடிகிற இடத்தில் "நுனெ ளுரடி" என்று நின்றது. ஒன்பது வருடமாக நான் எழுதியது ஏதோ ஜின்னின் பாஷை போல இருந்தது. ஆகவே இருபத்திரண்டு பக்கத்தையும் வழக்கமான எழுத்துருவில் அடித்து, குறிப்பு உள்ள பக்கத்தை மட்டும் பாமினியில் இன்னொரு தடவை அடித்து இருபத்துமூன்றாவதாக வைத்தேன்.

அந்தப் பக்கத்தில் குறிப்பு சரியாகத் தாளின் நடுவுக்குக் கொஞ்சம் மேலே, இடது விளிம்போடு ஒட்டி, "சேர்" என்று தொடங்கியது. பன்ச் மெசினைத் தாளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மேல் ஓட்டை விழுகிற இடம் அந்தச் சொல்லின் மேல். தாளை ஏற்றி வைத்தேன், இறக்கி வைத்தேன். எங்கள் பைல் கம்பி எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஓட்டை விழ வேண்டும். அந்த மேசையில் தலையை வைத்து அழ வேண்டும் போலிருந்தது. வேலை போய்விடுமோ என்ற பயத்தைவிட, இந்த இரண்டு விரற்கடை வெள்ளைக் கடதாசியை என்னால் உண்டாக்க முடியவில்லையே என்பதுதான் நெஞ்சை அடைத்தது.

அச்சிமுகம்மது காக்காதான் வழி சொன்னார். கந்தோரின் அலுவலக உதவியாளர் அவர். தேநீர், தபால், பைல் கோர்ப்பது எல்லாம் அவர் கையில். பென்ஷனுக்கு இரண்டு வருடம் இருக்கிறது. அஸர் தொழுதுவிட்டு வந்தவர், நான் தாளையும் பன்ச்சையும் வைத்துக்கொண்டு இருப்பதைப் பார்த்து நின்றார்.

"இடப்பக்கம் இடமில்லாட்டி வலப்பக்கம் பன்ச் பண்ணுங்களன், மிஸ்" என்றார்.

"வலப்பக்கமா?"

"அரபுக் கிதாபெல்லாம் அப்பிடித்தானே கட்டியிருக்கு. வலப்பக்கம் தச்சு, இந்தப் பக்கமாப் பிரிக்கிற. ஓதத் தெரிஞ்ச ஆருக்கும் கஷ்டமில்ல."

தாளைப் பார்த்தேன். மெக்ரோவின் வரிகள் குட்டையானவை. வலது பக்கம் மைதானம் மாதிரி வெறுமையாகக் கிடந்தது. என் குறிப்பு முடிந்த பிறகும் மூன்று விரல் இடம் மிச்சம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இரண்டு நாளில் முதற்சிரிப்பு. கனகரெத்தினம் சேர் கிதாப் ஓதினவர் இல்லைத்தான். ஆனால் தாளை இடமிருந்து வலமாகப் புரட்ட யாருக்கும் மௌலவி தேவையில்லை. இடப்பக்கம் ஒன்றரை அங்குலம் ஏன் இல்லை என்று ஒரு விளக்கக் கடிதமும் மேலே வைத்தேன்.

வியாழன் காலை, கையால் எண் போட்ட இருபத்துமூன்று தாளையும் சேரின் மேசைக்குக் கொண்டுபோனேன். அவர் கதைத்துக்கொண்டே சுருக்கொப்பம் வைத்தார். சின்ன அழகான எழுத்து, வால் மேலே வளைந்தது. இருபத்துமூன்றாவது தாளில் பேனை நின்றது. படித்தார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் கண்ணாடிக்கு வெளியே நிற்கிற முருங்கையைப் பார்த்தேன்.

"எல்லாத்தையும் எழுதி வைக்கிற ஆளா நீங்க, ஹப்ஸா?"

"ஓம் சேர். மறதிக்காக."

"நல்ல பழக்கம்" என்றார். அதிலும் சுருக்கொப்பம் வைத்தார். இனி இவர் என்ன சொன்னாலும், அந்த வரி உள்ள தாளில் இவருடைய சுருக்கொப்பம் இருக்கிறது என்று நினைத்தேன். மனிதர் உண்மைக்குப் பயந்தவர்தான் போலும் என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன். அவ்வளவு முட்டாள் நான்.

தாள்களை வலப்பக்கம் பன்ச் பண்ணி, பைலில் கோர்த்து, இரண்டு தடவை எண்ணிப் பார்த்து அச்சிமுகம்மது காக்காவின் மேசையில் வைத்தேன். கந்தோர் வாகனம் இரண்டு மணிக்குப் போகும். நான் லுஹர் தொழப் போனேன். திரும்பி வந்தபோது வாகனம் போயிருந்தது, பைலும் போயிருந்தது.

இரண்டு கிழமை கழித்து விசாரணை. எங்கள் கந்தோர்க் கூட்ட அறையில்தான். வெளியே மர வாங்கில் ஏழாம் வாய்க்கால்காரர்கள் நான்கைந்து பேர் இருந்தார்கள். சரீபா ராத்தாவும் இருந்தார். நான் கடந்து போகும்போது கையைப் பிடித்து, "உள்ளதச் சொல்லு, புள்ள" என்றார்.

கனகரெத்தினம் சேர் பைலைத் திறந்தார். நான் எதிர்ப்பக்கத்தில் இருந்து பார்த்தேன். அவர் வலமிருந்து இடமாக, எல்லாக் கந்தோர்ப் பைலையும் புரட்டுவது போலவே புரட்டினார். தாள்களின் வலது விளிம்பில் நான் போட்ட ஓட்டைகள் சும்மா கிடந்தன. இடது பக்கத்தில் புதிய ஓட்டைகள், அதில் கம்பி.

"இதுதானா நீங்க சொல்ற குறிப்பு?" இருபத்துமூன்றாம் தாளில் விரலை வைத்து வாசித்தார். "'சொன்னபடி ஏழாம் வாய்க்கால் இம்முறை நீக்கப்பட்டது.' ஆர் சொன்னபடி மிஸ்?"

"சேர் சொன்னபடி."

"அப்பிடி இதில இல்லையே. ஓட்டைதான் இருக்கு."

"அந்த ஓட்டையிலதான் சேர் இருந்தது." சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்கிறது என்று எனக்கு விளங்கியது. மூலையில் எழுதிக்கொண்டிருந்த லிகிதர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"மத்தத் தாளில, ஆங்கில எழுத்தில இருக்கிறதில பாருங்க, சேர்." பார்த்தார். அதிலும் அதே வரி, ஏறக்குறைய அதே உயரம், அதே ஓட்டை. மிச்சம் இருந்த குப்பையை அவரால் வாசிக்க முடியவில்லை. நான் வாசித்துக் காட்டினால் அது என் வாய்மொழிதானே.

"என்னட்ட இன்னொரு பிரதி இருக்கு. இப்ப தாறன்."

"பொறுப்பதிகாரிட சுருக்கொப்பம் அதில இருக்கா?"

இல்லை. என் கைப்பையில் மடித்து வைத்திருந்த அந்தத் தாளில் பக்க எண்கூட இல்லை.

"கொம்பியூட்டர இப்பவே திறந்து காட்டுறன் சேர். பக்கத்து அறைதான்."

"திகதி முடிஞ்சுது மிஸ். எனக்குத் தந்த ஆவணத்த வச்சுத்தான் நான் எழுதலாம்." அவர் முகத்தில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. தாளை வெளிச்சத்துக்குப் பிடித்து, ஓட்டைக்கு ஊடாக ஏதாவது தெரியுமா என்றுகூடப் பார்த்தார். மறுபக்கத்தில் என்னைத் தவிர வேறு என்ன தெரியப்போகிறது. அதே தாளில் பக்க எண்ணுக்குப் பக்கத்தில் மீராமுகைதீன் சேரின் சுருக்கொப்பம் வால் வளைந்து அழகாக இருந்தது. சேர் எனக்கு முதலே வாக்குமூலம் கொடுத்துவிட்டாராம். அப்படி எதுவும் சொன்ன ஞாபகம் இல்லையாம், பிள்ளை நல்ல வேலைக்காரி, வேலைப்பளுவில் தவறியிருக்கும், மன்னித்துவிடலாம் என்றாராம்.

அதைக் கேட்டபோதுதான் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அறிக்கையை எழுதி முடிக்கும்வரை வெளியே இருக்கச் சொன்னார்கள். வாங்குப் பக்கம் போக எனக்கு முகமில்லை. நேரே அச்சிமுகம்மது காக்காவின் மேசைக்குப் போய்ப் பன்ச் மெசினைக் கவிழ்த்து அடித்தட்டைத் திறந்தேன். வெள்ளை வட்டங்கள் மேசை முழுக்கக் கொட்டின. ஒவ்வொன்றாகப் புரட்டினேன். கிடைத்தால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது. ஒட்டுவேனா, அதற்கும் சுருக்கொப்பம் கேட்பார்களா. ஒன்றில் "திக" என்றிருந்தது, ஒன்றில் யாருடையதோ கையொப்பத்தின் முடிவு, மற்றதெல்லாம் வெறும் வெள்ளை.

காக்கா தேநீர்த் தட்டோடு வந்து நின்றார். "என்ன தேடுறீங்க, மிஸ்?"

"அந்தப் பைலில இடப்பக்கம் ஆரு காக்கா பன்ச் பண்ணினது?"

அவர் தட்டைக் கீழே வைத்தார். "நான்தான். நீங்க தொழப் போன நேரம். இதென்ன கிதாபா, ஒழுங்கா இடப்பக்கம் பன்ச் பண்ணி அனுப்பு எண்டாரு." குரலைத் தாழ்த்தினார். "சேர் சொன்னபடிதான் செஞ்சன் மிஸ்."

நான் அவரை நிமிர்ந்து பார்த்தேன். அவருக்கு ஒன்றும் விளங்கியிருக்கவில்லை. பிறகு மேசையில் பரவிக் கிடந்த வட்டங்களைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், கொஞ்சம் கொஞ்சமாக விளங்கியது.

"உள்ள வந்து இதச் சொல்லுவீங்களா, காக்கா?"

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பென்ஷனுக்கு இரண்டு வருடம் இருக்கிறது அவருக்கு. நான் இன்னொரு தடவை கேட்கவில்லை. ஜூன் பதினான்காம் திகதி காலை ஒன்பது இருபதுக்கு என் கதிரைக்குப் பின்னால் சேர் வந்து நின்றபோது நான் மட்டும் என்ன கேட்டேன்.

"எழுத்தில தந்தாரா?" என்று மட்டும் கேட்டேன்.

"இதையெல்லாம் ஆரு மிஸ் எழுத்தில தாற?"

இருவருமாக வட்டங்களைக் கூட்டி அள்ளிப் பழையபடி மெசினுக்குள் போட்டோம். உள்ளேயிருந்து லிகிதர், அறிக்கையில் கையொப்பமிட வரச்சொல்லி என் பெயரைக் கூப்பிட்டார். இந்த முறை சரியாகக் கூப்பிட்டார். போய்க் கையொப்பமிட்டேன்.